சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரை: தனிப் பயணத்துக்கு ஒரு கணக்குத் தாள்

லீவு இரண்டு வாரம். அதற்குள் சிங்கப்பூரில் இறங்கி, மலேசியாவின் மேற்குக் கரையோரமாகப் பஸ்ஸிலும் ரயிலிலும் பினாங்கு வரை ஏறிப்போய், கோலாலம்பூரிலிருந்து விமானம் எடுத்துத் திரும்புவது. இதுதான் நான் போய் வந்த பாதை. யாழ்ப்பாணத்திலிருந்து தனியே வெளிநாடு போக ஆசைப்படுகிற பிள்ளைகள் என்னிடம் ஹொட்டேல் பெயரையும் சாப்பாட்டுக் கடையையும்தான் கேட்கிறார்கள். அவற்றை எங்கும் தேடிப் பிடிக்கலாம். திட்டத்தை எப்படிப் போட்டேன், எந்த ஊரை எதற்காக வெட்டினேன் என்பதைத்தான் இங்கே விரிவாக எழுத நினைக்கிறேன்.

முதலில் எழுதிய பட்டியல் நீளமானது. சிங்கப்பூர், மலாக்கா, கோலாலம்பூர், கமரன் மலை, ஈப்போ, தைப்பிங், பினாங்கு, லங்காவி, முடிந்தால் எல்லை தாண்டித் தாய்லாந்தின் ஹாட்யாய். வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே கோட்டில் கிடக்கிற மாதிரி இருக்கும். ஊருக்கு ஒன்றரை நாள் என்று பிரித்தால் கணக்கும் சரியாக வந்துவிடும். அந்தக் கணக்கில் நகர்கிற நேரம் எங்கேயும் இல்லை என்பதுதான் பிரச்சினை. பஸ் நிலையத்துக்குப் போவது, காத்திருப்பது, எல்லையில் வரிசையில் நிற்பது, அறைச் சாவி கிடைக்கும்வரை பையோடு உட்கார்ந்திருப்பது எல்லாம் யாருடைய நாளில் கழிகிறது?

அதனால் எக்செல் தாளில் ஊர்ப்பெயரை வைத்து வரி போடாமல், ஒவ்வொரு இரவுக்கும் ஒரு வரி போட்டேன். வரிக்கு ஐந்து கேள்விகள். அன்று இரவு எந்த ஊர்க் கட்டிலில் படுக்கிறேன்? காலையில் எழும்பிய கட்டிலிலிருந்து அந்தக் கட்டில் வரை மொத்தம் எத்தனை மணிநேரம்? போய்ச் சேரும்போது வெளிச்சம் இருக்குமா? அந்த ரயிலோ பஸ்ஸோ தவறினால் அடுத்தது எப்போது? முன்பதிவை எந்தத் தேதி வரை காசு போகாமல் ரத்துச் செய்யலாம்? இவற்றில் ஒன்றுக்காவது பதில் தெரியாவிட்டால் அந்த வரிக்கு மஞ்சள் நிறம் அடித்தேன். மஞ்சள் வரி இருக்கும்வரை ரிக்கெற் வாங்குவதில்லை.

இரண்டாவது கேள்வி என்ன செய்யும் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். கோலாலம்பூரிலிருந்து பினாங்கின் ஜோர்ஜ் டவுனுக்கு விமானம் ஒரு மணிநேரம், ரயில் ஏறக்குறைய நாலேகால் மணிநேரம். இந்த இரண்டு எண்ணையும் மட்டும் பார்த்தால் விமானம்தான். இப்போது கட்டிலிலிருந்து கட்டிலுக்குக் கணக்குப் பாருங்கள். விமான நிலையம் நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். விரைவு ரயிலே 28 நிமிடம்; அந்த ரயிலைப் பிடிக்கப் போகிற நேரம் தனி. ஒன்றரை, இரண்டு மணிநேரம் முன்னதாகப் போய் நிற்க வேண்டும். பறந்து இறங்கிப் பை எடுத்தால், பினாங்கு விமான நிலையம் தீவின் தென்முனைப் பக்கம், பாயன் லெப்பாஸில் இருக்கிறது. அங்கிருந்து ஜோர்ஜ் டவுனுக்கு இன்னும் முக்கால் மணிநேரம். ஐந்து மணிநேரத்தைத் தொட்டுவிடும். ரயிலில் போனால், சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்திலேயே தங்கியிருந்தவளுக்கு நடந்து போய் ஏறுகிற வேலைதான். தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற பட்டர்வொர்த்தில் இறங்கி மூடிய நடைபாதை வழியே படகுத் துறைக்குப் போய், கால் மணிநேரத்தில் கடலைக் கடந்தால் ஜோர்ஜ் டவுன் கரையிலேயே இறக்கிவிடுவார்கள். மொத்தம் ஆறு, ஆறரை மணிநேரம். வித்தியாசம் ஒரு மணிநேரத்துக்குச் சற்று மேல்தான். அதற்காகப் பையை நிறுத்து, பெல்ட்டைக் கழற்றி, வாசல் எண் தேடி ஓட வேண்டுமா? ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஈப்போவின் சுண்ணக்கல் மலைகளைப் பார்த்துக்கொண்டு போகலாம். தாளில் ரயில் என்று எழுதினேன்.

இப்படிக் கணக்குப் போட்டபோது எனக்கென ஒரு வழக்கம் அமைந்தது. கட்டிலிலிருந்து கட்டிலுக்கு ஐந்து மணிநேரத்துக்கு மேல் போனால் அந்த நாளில் வேறு எதுவும் எழுதுவதில்லை. பின்னேரம் ஒரு நடை, நல்ல சாப்பாடு, நித்திரை. எந்த ஊரிலும் இரண்டு இரவுக்குக் குறைவில்லை. வழியில் தங்கும் இடமும் விமானத்துக்கு முந்தின இரவும் மட்டும் விலக்கு. தனியே போகிறவருக்கு இது இன்னும் முக்கியம். இரண்டு பேராகப் போனால் ஒருவர் களைத்துப்போனாலும் மற்றவர் வழி பார்ப்பார், பையைப் பார்ப்பார். தனியாளுக்குக் களைப்பு வந்தால் முடிவெடுக்கிற புத்தியும் சேர்ந்து களைத்துவிடும்.

பிறகு வெட்டத் தொடங்கினேன். ஹாட்யாய் மூன்றாவது நாடு, இன்னொரு எல்லை, முதலில் போனது. லங்காவிக்குப் போக கோலா கெடா அல்லது கோலா பெர்லிஸ் வரை போய்ப் படகு பிடிக்க வேண்டும், போக ஒரு நாள், வர ஒரு நாள், போனது. கமரன் மலைக்கு ரயில் இல்லை, வளைந்து வளைந்து ஏறும் பஸ் பாதை, நுவரெலியா பார்த்த எங்களுக்குத் தேயிலைத் தோட்டம் புதிதும் இல்லை, அதுவும் போனது. ஈப்போவை மட்டும் முழுதாக வெட்டவில்லை. அங்கே தங்காமல், தைப்பிங்கில் தங்கியபடி ரயிலில் பகலில் போய் வருகிற ஊராக மாற்றினேன். ஒரு மணிநேரம்கூட ஆகாத தூரம். பை அறையில் கிடக்கும், கை வீசிக்கொண்டு போய் வரலாம். புதிதாக ஒரு ஊரைத் திட்டத்தில் சேர்க்க ஆசை வந்தால், அங்கே தங்கத்தான் வேண்டுமா, பக்கத்து ஊரிலிருந்து போய்வர முடியாதா என்று பார்ப்பது நல்லது. ஒவ்வொரு தங்குமிட மாற்றமும் அரை நாளைத் தின்னும்.

ஊர்களின் வரிசையை முடிவு செய்தது விசா. பலருக்கு இது தெரியாமல் இருப்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களிடம் சிங்கப்பூர் முன்கூட்டி விசா கேட்பதில்லை. மலேசியாவுக்கு விசா வேண்டும், இணையத்தில் விண்ணப்பிக்கலாம். மலிவான ரிக்கெற் தேடினால் பெரும்பாலும் கொழும்பு–கோலாலம்பூர் போக வரத்தான் கண்ணில் படும். கோலாலம்பூரில் இறங்கி, சுற்றி, நடுவில் சிங்கப்பூர் போய்விட்டுத் திரும்பவும் கோலாலம்பூர் வந்து விமானம் ஏறுவது என்று மனம் போகும். யாழ்ப்பாண டவுனில் ரிக்கெற் போடுகிற அண்ணை ஒருவரிடம் இந்த வரிசையைக் காட்டினேன். அவர் பேனையை எடுத்து சிங்கப்பூர் என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார்.

"தங்கச்சி, இதில மலேசியாவுக்குள்ள ரெண்டு தரம் போறியள். ஒருக்கா உள்ள போற விசா எண்டால் சிங்கப்பூருக்குப் போனதோட அது முடிஞ்சுது. திரும்பி வரேலாது."

"அப்ப சிங்கப்பூரை விடவோ அண்ணை?"

"ஏன் விடுறியள்? அங்கயே முதல் போய் இறங்குங்கோ."

அவ்வளவுதான். சிங்கப்பூரில் இறங்கி, தரைவழியாக மலேசியாவுக்குள் ஒரே ஒரு தடவை நுழைந்து, வடக்கே போய், கோலாலம்பூரில் இருந்து வெளியேறினால் ஒருமுறை நுழைவு விசாவே போதும். போகும் ஊர் ஒன்று, திரும்பும் ஊர் வேறொன்று என்று ரிக்கெற் போடுவதும் பெரிய விஷயம் இல்லை. விமான நிறுவனத் தளங்களிலேயே பல நகரம் என்ற தெரிவு இருக்கும். சில நேரம் கொஞ்சம் காசு கூடும். ஆனால் வந்த வழியே ஒரு நாள் முழுக்கத் திரும்பி ஓடுகிற செலவும் நேரமும் மிஞ்சும். விசா கையில் கிடைத்ததும் நுழைவு எத்தனை தடவை, எந்த நுழைவிடங்கள், எந்தத் தேதிக்குள் என்ற மூன்றையும் எழுத்துக்கு எழுத்து வாசியுங்கள்.

காசு கட்டுகிற ஒழுங்கும் இதோடு சேர்ந்தது. விசாவுக்குத் தங்குமிட விபரம், திரும்பும் பயண விபரம், வங்கிக் கணக்கு எல்லாம் காட்ட வேண்டியிருக்கும். விசா கிடைக்குமுன் எல்லாவற்றுக்கும் காசு கட்டிவிடவும் மனம் வராது. நான் இலவசமாக ரத்துச் செய்யக்கூடிய அறைகளை முதலில் பிடித்தேன். விமானத்துக்கு அந்த அண்ணை மூலம் ரிக்கெற்றைப் பிடித்து மட்டும் வைத்திருந்து, விசா வந்தபின் காசு கட்டினேன். ரயில் இருக்கைகள் கடைசியில். எக்செல் தாளின் ஐந்தாவது கேள்வி இதற்காகத்தான்.

சரி, யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே போவது எப்படி? பலாலி விமான நிலையம் 2019இல் சர்வதேச நிலையமாகத் திறந்தபின் எங்களுக்குப் புது வழி ஒன்று கண்ணில் படுகிறது. அங்கிருந்து திருச்சி, திருச்சியிலிருந்து சிங்கப்பூர். வரைபடத்தில் அழகான கோடு. ஆனால் இரண்டும் தனித்தனி ரிக்கெற் என்றால் திருச்சியில் குடிவரவு தாண்டி உள்ளே போய், பையை எடுத்து, மறுபடி முதலிலிருந்து செக்–இன் பண்ண வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பும் கிடையாது. தமிழ்நாட்டில் சில நாள் தங்கிப் போகிறவர்களுக்கு இது நல்ல வழி. கடந்து போக மட்டும் என்றால் கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையமே லேசு.

கட்டுநாயக்கவுக்கு இரவு பஸ் எடுத்து, பகல் முழுக்க எங்கேயோ கழித்து, நள்ளிரவு விமானம் பிடித்து, விடியச் சிங்கப்பூரில் இறங்குவது எங்கள் ஆட்களின் வழக்கம். தாளில் எழுதிப் பார்த்தால், இரண்டு இரவுகளுக்கு நேரே கட்டில் என்ற இடம் வெறுமையாக நிற்கும். அதோடு அங்கே மணி எங்களைவிட இரண்டரை மணிநேரம் முன்னே. அறை பின்னேரம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் தருவார்கள். நான் சனிக்கிழமை காலையில் பஸ் ஏறி, புத்தளம், சிலாபம் வழியாக வந்து, விமான நிலையத்துக்குக் கிட்ட இருக்கிற நீர்கொழும்பிலேயே இறங்கி, அங்கே ஒரு இரவு தங்கிக் காலை விமானம் எடுத்தேன். கொழும்புக்குள் போகத் தேவையே இல்லை. விமான ரிக்கெற் நள்ளிரவு விலையைவிடக் கூட. ஆனால் சிங்கப்பூரில் முதல் நாளை நித்திரைத் தூக்கத்தில் தொலைப்பதைவிட அது மேல்.

காலம் ஜூலை. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் வீட்டில் நிற்க வேண்டும் என்பது ஒரு காரணம். சிங்கப்பூரில் ஜூன் மாதம் பள்ளி விடுமுறை; அது முடிந்தபின் போவது நல்லது. சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் நேரங்களில் மலேசியாவே ஊருக்குத் திரும்பும். ரயிலில் இருக்கை கிடைக்காது. தைப்பூசத்துக்குப் பத்துமலை போக ஆசை உள்ளவர்கள் அதற்கென்றே தனியாகத் திட்டம் போட வேண்டும். ஜூலையில் மேற்குக் கரைப் பக்கம் மழை மிதம், பினாங்கில் டுரியான் பழக் காலம்.

கிழமையையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூருக்கும் மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கும் இடையில் ஒரு கிலோமீற்றர் சொச்சம் நீளமான தாம்போதி, கடலுக்குக் குறுக்கே போட்ட பாதை. உலகத்தின் மிக நெரிசலான எல்லைகளில் ஒன்று. காலையில் மலேசியாவிலிருந்து வேலைக்கு வருகிற கூட்டம், மாலையில் திரும்புகிற கூட்டம், வெள்ளி பின்னேரம் சிங்கப்பூர்க்காரர் சாமான் வாங்கப் போகிற கூட்டம். நான் புதன்கிழமை காலை, கூட்டம் எதிர்ப்பக்கம் வருகிற நேரத்தில் கடந்தேன். அங்கே குறுக்கே ஓடுகிற சிறு ரயில் 5 நிமிடத்தில் போய்விடும். ஆனால் அதிலிறங்கி ஜொகூர் பாரு பஸ் நிலையம் போய் மலாக்காவுக்கு வேறு பஸ் தேட வேண்டும். பையோடு தனியே நிற்பவளுக்கு மாறி மாறி ஏறுவது வீண் என்று மலாக்காவுக்கு நேரே போகும் பஸ்ஸைப் பதிந்தேன்.

அந்தக் கடப்பைக் கொஞ்சம் கிட்டப் போய்ச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் தடவை போகிறவர் பயப்படுவது இதற்குத்தான். பஸ் முதலில் சிங்கப்பூர்ப் பக்கம் நிற்கும். கடவுச்சீட்டோடு இறங்கி வெளியேறும் பதிவு முடித்து, கீழே வந்து அதே பஸ்ஸில் ஏற வேண்டும். தாம்போதியைக் கடந்ததும் மலேசியப் பக்கம் மறுபடி நிற்கும். இந்த முறை பெரிய பை உட்பட எல்லாவற்றையும் இறக்கித் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பை எந்திரத்துக்குள்ளால் போகும். பஸ் எல்லோருக்கும் அளவில்லாமல் காத்து நிற்காது. விசா உள்ள கடவுச்சீட்டைப் பார்க்க அதிகாரிக்கு மற்றவர்களைவிட நேரம் எடுக்கும் என்பதால் நான் இறங்கும் கதவுக்குக் கிட்ட இருக்கை எடுத்து, முதலில் இறங்கி வேகமாக நடந்தேன். பஸ்ஸின் முன்பக்கத்தையும் இலக்கத் தகட்டையும் போனில் படமெடுத்து வைத்தேன். ஒரே நிறத்தில் வரிசையாக நிற்கிற பஸ்களுக்குள் அது உதவியது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இணைய வருகை அட்டை தனித்தனியே நிரப்ப வேண்டும், இரண்டும் இலவசம், வருவதற்கு முந்தின மூன்று நாளுக்குள். காசு கேட்கிற தளம் என்றால் அது உண்மையான தளம் இல்லை.

அதிகாரி கேட்டது மூன்று கேள்விதான். எங்கே தங்குகிறாய், எப்போது திரும்புகிறாய், என்ன வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து தனியே மலேசியா போகிற இளம் ஆளிடம் கட்டுநாயக்கவிலும் கேள்வி வரலாம். திரும்பும் ரிக்கெற், அறைப் பதிவுகள், வேலைக் கடிதம் மூன்றையும் தாளில் அச்சடித்து வைத்திருங்கள். போனில் சார்ஜ் போனாலும் தாள் பேசும்.

மலாக்காவில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து பழைய நகரம் சில கிலோமீற்றர் தள்ளி. ரயில் நிலையம் அதைவிடத் தூரம், நகரத்திலேயே இல்லை. ஆகவே மலாக்காவுக்கு எப்போதும் பஸ்தான். புதன், வியாழன் இரவுகளில் தங்கியதால் ஜோங்கர் தெருவின் வாரக்கடைசி இரவுச் சந்தையைக் காணவில்லை, ஆனால் அறை வாடகை குறைவு, தெரு அமைதி. 1781இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயிலை ஒரு காலையில் ஆறுதலாகப் பார்க்கக் கிடைத்தது. மலாய் பேசும் மலாக்காச் செட்டிகளின் கோயில் அது. பேச்சு மாறி நூற்றாண்டுகள் ஆனபின்னும் வழிபாடு மாறவில்லை. இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு அவசரமாக அடுத்த பஸ்ஸுக்கு ஓட வேண்டியில்லாமல் இருந்ததற்கு அந்த இரண்டாவது இரவுதான் காரணம்.

வெளிச்சம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். மலேசியாவும் சிங்கப்பூரும் தங்கள் சூரியனைவிட முன்னே ஓடும் மணியை வைத்திருக்கின்றன. ஜூலையில் யாழ்ப்பாணத்தில் ஆறரை மணி தாண்டியதும் சூரியன் மறைந்துவிடும். சிங்கப்பூரில் ஏழேகாலுக்குத்தான் சூரியன் மறையும், பினாங்கில் ஏழரைக்கும் பிறகு. பின்னேரம் போய்ச் சேருகிறவருக்கு இது பெரிய வசதி. மறுபக்கம், காலையில் ஏழு மணி தாண்டித்தான் சூரியன் எழும். ஆறு மணி ரயில் என்றால் ஐந்தரைக்கு ஆளில்லாத தெருவில் பையை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். அதனால் எட்டு மணிக்கு முன் புறப்படும் எதையும் நான் எடுக்கவில்லை. கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கியதும் இதே யோசனையில்தான். சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்திலே இருக்கிறது, தமிழ்க் கடைகள், வாழையிலைச் சாப்பாடு, இரவிலும் நடமாட்டம். யாழ்ப்பாணத்தார் எழுப்பிய கந்தசுவாமி கோயிலும் அந்தப் பக்கம்தான், ஸ்கொட் வீதியில்.

பிரிக்ஃபீல்ட்ஸ் என்றதும் சொந்தக்காரர் நினைவுக்கு வருவார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பம் எதற்கும் மலேசியாவில் ஒரு கிளை இருக்கும். திட்டத்தில் இதற்கு ஒரு வரி வேண்டும். தேத்தண்ணிக்கு என்று போகிற வீட்டில் மத்தியானச் சாப்பாடு, அப்புறம் படங்கள், அப்புறம் இன்னொரு வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். அது முழு நாள்; முழு நாளாகவே எழுதுங்கள், அப்போது மனநிறைவாக இருந்து பேசலாம். அம்மா கொடுத்துவிட்ட பருத்தித்துறை வடையும் பினாட்டும் அந்த வீட்டுக்குத்தான். மலிவு விமானங்களில் கைப்பை பெரும்பாலும் 7 கிலோ என்பதால் பார்சலின் நிறையையும் தாளில் எழுதியே வீட்டில் பேச வேண்டியிருந்தது.

தைப்பிங்கை யார் சொன்னாலும் வெட்டியிருக்க மாட்டேன். அப்பப்பா மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்த ஊர் அது. மலாயாவின் முதல் ரயில் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்குப் போட்டது; 13 கிலோமீற்றர் அளவு, வெள்ளீயம் ஏற்றுவதற்காக. அதைப் போட இலங்கையிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். பின்னால் ஆங்கிலம் படித்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கிளாக்கராகவும் ஸ்ரேஷன் மாஸ்ரராகவும் அந்தப் பாதை நெடுகப் போய் நிறைந்தார்கள். மலாயா பென்ஷனில் கட்டிய வீடுகள் யாழ்ப்பாணத்தில் இன்னும் இருக்கின்றன.

போர்ட் வெல்டுக்கு இப்போது கோலா செபெத்தாங் என்று பெயர். ரயில் இல்லை, தண்டவாளம் இல்லை. மீன்பிடி ஊரின் கடைத் தெருவில் பழைய பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது, அதில் மற்ற எழுத்துகளோடு தமிழிலும் ஊர்ப்பெயர். நான் அதன் முன்னால் நெடுநேரம் நின்றேன். திட்டக்காரியாக ஒன்று சொல்ல வேண்டும்: அங்கே போகும்போது கார் அழைத்தால் உடனே வரும், திரும்பும்போது வராமல் போகலாம். போன காரின் சாரதியிடமே திரும்பும் நேரம் பேசி வைத்தேன். தூரத்து ஊர் எதற்கும் திரும்பும் வழியை முதலில் உறுதி செய்தபிறகே புறப்படுவது தனிப் பயணத்தின் அடிப்படை.

காசு விஷயம் சுருக்கமாக. வங்கிக்குச் சொல்லி அட்டையை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்து வையுங்கள். இணையத்தில் ரிக்கெற் வாங்கினால் வங்கியின் இரகசிய எண் இலங்கை சிம்முக்குத்தான் வரும், அதனால் அந்த சிம்மில் குறுஞ்செய்தி வரும்படி ரோமிங் வேண்டும். ரயில் இருக்கைகளை வீட்டிலிருந்தே வாங்கிவிட்டால் இந்தக் கவலை பாதி குறையும். வெள்ளி, ஞாயிறு ரயில்கள் சீக்கிரம் நிரம்பும். மலேசியாவில் வெளிநாட்டவருக்கு அறை ஒன்றுக்கு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி. பெரும்பாலும் பதிவு விலையில் சேராமல் கையில் கேட்பார்கள். அறை வாடகையைப் பங்கு போட ஆளில்லாததால் சிங்கப்பூரில் பெண்களுக்கான தங்குகூடத்தில் ஒரு கட்டில் எடுத்து, மிஞ்சிய காசில் மலேசியாவில் தனி அறைகள் எடுத்தேன். சதுர முனை பிளக் இரண்டு நாட்டிலும் பொருந்தும், பழைய வட்ட முனை பொருந்தாது.

வீட்டுக்கு ஒரு தாள் தனியாக எழுதினேன். அம்மாவுக்கு ஐந்து கேள்வியும் மஞ்சள் நிறமும் தேவையில்லை. அவருக்கு வேண்டியது நாள், ஊர், தங்குமிடத்தின் பெயர், தொலைபேசி, நான் போய்ச் சேருகிற நேரம். அந்த நேரத்துக்கு மேல் இரண்டு மணிநேரம் கூட்டி, "இதுக்குப் பிறகும் செய்தி வரேல்லை எண்டால் மட்டும் யோசியுங்கோ" என்று எழுதினேன்.

"ஆரும் துணைக்கு இல்லாமல் ஏன் பிள்ளை போறாய்?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர், தாளைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியபின் கேட்ட கேள்வி வேறு: "தைப்பிங்கில ரெண்டு இரவுதானோ?" இரு நாட்டுப் பொலிஸ் அவசர எண் 999, கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் உள்ள இலங்கைத் தூதரக எண்கள், கடவுச்சீட்டின் பிரதி, காப்புறுதி விபரம் எல்லாம் அதே தாளின் பின்பக்கத்தில்.

திட்டத்தில் வேண்டுமென்றே வெறுமையாக விட்ட நாள் ஒன்று ஜோர்ஜ் டவுனில். மூன்று இரவில் நடுநாள். சுகமில்லாமல் வந்தால் படுக்க, மழை பிடித்தால் உட்கார, ரயில் பிந்தினால் ஈடுகட்ட. ஒன்றும் ஆகாததால் பாலிக் புலாவ் பக்கம் பஸ்ஸில் போய்த் தோட்டத்திலேயே டுரியான் சாப்பிட்டேன். வெறும் நாளை முன்கூட்டி நிரப்பிவிடாதீர்கள். அந்த இடத்துக்குப் போனபிறகுதான் எதை விட்டுவிட்டோம் என்று தெரியும்.

கடைசி இரவை மீண்டும் கோலாலம்பூரில், நிலையத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன். பினாங்கிலிருந்து வந்த அதே நாளில் விமானம் ஏறுவது தாளில் சாத்தியம்தான். ஆனால் ரயில் சில மணிநேரம் பிந்தினாலும் விமானம் காத்திருக்காது, புது ரிக்கெற்றின் விலை ஒரு இரவு வாடகையைப் போலப் பல மடங்கு. வாங்க வேண்டிய சாமான்களையும் அந்தப் பின்னேரத்துக்கு ஒதுக்கியதால் நாடு முழுக்கச் சுமக்கவில்லை. கட்டுநாயக்கவில் இரவில் இறங்கியதும் யாழ்ப்பாண பஸ்ஸைத் துரத்தாமல் நீர்கொழும்பிலேயே படுத்து, ஞாயிறு காலை பஸ் ஏறினேன். அதிலும் இருக்கையைப் போகுமுன்னரே பதிந்து வைத்திருந்தேன்; ஞாயிறுகளில் வடக்கே போகிற பஸ்களில் இடம் கிடைப்பது கடினம்.